தரையில் ஒரு சாக்பீஸ் கோடு

அன்புள்ள அக்கா,

வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. எனக்கு 59 வயது. வீட்டில் கணவர், மகன், வேலைக்குப் போகும் மருமகள், எல்கேஜி படிக்கும் பேரன். வாக்கரை விட்டுத் தடி பிடித்து நடக்க ஆரம்பித்ததும், ‘அம்மாவுக்குச் சரியாகிவிட்டது’ என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். இட்லி, மதியச் சாப்பாடு, பேரனை வேன் ஏற்றுவது எல்லாம் திரும்ப என்னிடம். அவர்கள் கேட்கவில்லை, நானேதான் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்பதும் உண்மை. சாயந்திரத்துக்குள் முட்டி வீங்கிவிடுகிறது. பிசியோ சொன்ன பயிற்சிக்குத் தெம்பில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்வதே பயிற்சிதானே என்கிறார் கணவர். கீழே உட்காரவும் முடியவில்லை. மனசு விட்டுப் போகிறது.

ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நின்று வேலை செய்வது பயிற்சி ஆகாது. அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றால் முட்டி நன்றாக மடங்குவதும் இல்லை, முழுசாக நீளுவதும் இல்லை. நீர்தான் இறங்கிச் சேரும். வீங்கிய முட்டி மடங்க மறுக்கும். மடக்காமலே விட்டால் உள்ளே தழும்பு இறுகிக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில் கோட்டைவிட்ட மடக்கத்தை அப்புறம் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுந்திருக்கவே 90 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும்.

எனக்கு 2021இல் இடது முட்டியை மாற்றினார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தரை வழவழவென்று இருக்கும். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாக்பீஸோடு என் எதிரே உட்காருவாள். நாற்காலி தினமும் ஒரே இடத்தில். பாதத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கவரைப் போட்டு, காலை மெல்லப் பின்னால் இழுப்பேன். இதற்கு மேல் முடியாது என்கிற இடத்தில், பெருவிரல் நுனியை ஒட்டி அவள் ஒரு கோடு போடுவாள். ஐந்து எண்ணும்வரை அப்படியே பிடிக்க வேண்டும். நாலு சொல்லிவிட்டு, ஐந்தைச் சொல்லாமல் என் முகத்தையே பார்ப்பாள். கோடு அரை விரற்கடை உள்ளே போனால் வீடு முழுக்க ஓடிச் சொல்வாள். சில நாள் கோடு வெளியே வந்திருக்கும். முந்தின நாள் கல்யாண வீட்டில் நின்றிருப்பேன், இல்லை அடுப்படியில். நான் எத்தனையோ முறை சொல்லியும் என் வீட்டுக்காரருக்குப் புரியாதது அந்தக் கோட்டைப் பார்த்ததும் புரிந்தது. மறுநாள் காலை அவரே தோசைக்கல்லைப் போட்டார்.

நடந்து திரிகிறவரைப் பார்த்தால் யாருக்கும் ஆபரேஷன் ஞாபகம் வராது. அது அவர்கள் தப்பில்லை. நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சமையலைப் பங்கு போடலாம், பயிற்சியை யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. இட்லிக்கு முன்னால் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, பேரன் வந்ததும் ஒரு தடவை. முடிந்ததும் ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். காலைத் தூக்கி வைக்கும்போது தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும். முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுசாக நீளாமல் நின்றுவிடும். அடுப்படியில் ஓர் உயர ஸ்டூல் போடுங்கள். வேன் ஏற்றும் வேலை இன்றிலிருந்து தாத்தாவுடையது. ஒரு கையில் தடி, இன்னொரு கையில் துள்ளுகிற குழந்தை, எனக்கு நினைத்தாலே பதறுகிறது. தடி இடது கையில்தானே இருக்கிறது? ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டும்.

சாயந்திர வீக்கம் காலைத் தூக்கி வைத்தால் வடிகிறதென்றால் பயப்படாதீர்கள், சில மாதம் இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருப்பதும் ‘டக்’கென்ற சத்தமும் சகஜம். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோடு காயத்தில் கசிவு தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கீழே உட்கார முடியாத வருத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் மீன்கார அக்கா வாசலில் கூடையை இறக்கினதும், அரிவாள்மனையோடு பின்கட்டில் உட்காருவது எனக்கு முப்பது வருஷப் பழக்கம். சாம்பலைத் தொட்டுக்கொண்டு சங்கராவைச் செதில் உரசி, செவுளை இழுத்தெடுத்து, துண்டு போட்டால் எல்லாம் ஒரே கனமாக விழும். சம்மணமும் வேண்டாம், குத்துக்காலும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அரிவாள்மனையைப் பரணில் ஏற்றின அன்று அழுதேன். இப்போது அந்த அக்காவே அறுத்துக் கொடுக்கிறார். நான் மேஜையில் உட்கார்ந்து மசாலா தடவுகிறேன். மீன் தலையைப் பிளப்பது மட்டும் இன்னும் என் மனசுப்படி வருவதில்லை.

உங்கள் ஊரில் கடற்கரைச் சாலை இருக்கிறது. சாயந்திரம் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், சமதளம், உட்காரவும் இடமுண்டு. எங்கள் சில்வர் பீச் மணல் இந்தக் காலுக்கு இப்போது ஆகாது. கணவரை அழைத்துக்கொண்டு போங்கள். முதல் வாரம் காந்தி சிலைப் பக்கம் கொஞ்சம் நடந்து திரும்பினால் போதும்.

சாக்பீஸ் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் கோடு எங்கே நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா