எல்லா போர்ட்டிலும் போர்ட்ஃபாஸ்ட் போடலாமா, இல்லை ஸ்பேனிங் ட்ரீயையே அணைத்துவிடலாமா?

கணினியை ஆன் செய்தால் அரை நிமிடத்துக்கு நெட் வருவதில்லை, அதனால் எல்லா போர்ட்டிலும் போர்ட்ஃபாஸ்ட் போடலாமா, இல்லை சுவிட்சுகளில் லூப் வராமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீயையே அணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அணைக்க வேண்டாம். அணைத்து வைத்திருந்த ஓர் இடத்தில் நான் பட்ட பாடு போதும்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்கு நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம், நல்ல சீசன். தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் எடைமேடையிலிருந்து ரோடு வரை நிற்கின்றன, எடைச் சீட்டு வரவில்லை. ஆலை முழுக்க நெட் செத்துவிட்டது. "பழம் வெயில்ல நிக்குதுங்க சார்" என்று ஆளுக்கு ஆள் போன். ரேக்கைத் திறந்தால் சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எங்கோ லூப், அதாவது கேபிள் வட்டமாகச் சுற்றி மறுபடி சுவிட்சுக்கே வந்திருக்கிறது.

கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனதில் எடைமேடை அறையில் அகப்பட்டது. பெருக்க வந்தவர், தரையில் கிடந்த கேபிள் முனையை நல்லெண்ணத்தோடு சுவரில் காலியாக இருந்த சாக்கெட்டில் செருகிவிட்டார். மறுமுனை ஏற்கெனவே பக்கத்துச் சாக்கெட்டில் இருந்தது. ஐபி பாக்கெட்டுக்கு இருப்பது போல ஈதர்நெட் ஃபிரேமுக்கு, அதாவது சுவிட்சுகளுக்குள் ஓடும் தரவுத் துண்டுக்கு, ஆயுள் கணக்கு கிடையாது. லூப் கிடைத்தால் நிற்காமல் சுற்றும், பெருகும். இதைத் தடுக்கத்தான் 1985-ல் ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீயை உருவாக்கினார். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் அதை அணைத்துவிட்டுப் போயிருந்தார். காரணம்? நெட் வர அரை நிமிடம் ஆகிறதாம்.

அந்த அரை நிமிடம் எங்கிருந்து வருகிறது என்றால், பழைய ஸ்பேனிங் ட்ரீயில் போர்ட் லிஸனிங்கில் 15 நொடி, லேர்னிங்கில் 15 நொடி இருந்துவிட்டுத்தான் வழிவிடும். அதற்குள் விண்டோஸ் ஐபி முகவரி கேட்டுச் சலித்துப்போய், தானே 169.254 என்று தொடங்கும், நெட்டுக்கு உதவாத ஒன்றைப் போட்டுக்கொள்ளும். போர்ட்ஃபாஸ்ட் அந்தக் காத்திருப்பை மட்டும் நீக்குகிறது. ஸ்பேனிங் ட்ரீ பின்னால் வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

கணினி, பிரிண்டர், கேமரா போகும் போர்ட்டுகளில் தாராளமாகப் போடுங்கள். சுவிட்சையும் சுவிட்சையும் இணைக்கும் போர்ட்டில் மட்டும் கூடாது. போர்ட்ஃபாஸ்ட் போட்ட ஒவ்வொரு போர்ட்டிலும் பிபிடியூ கார்டையும் சேர்த்தே போடுங்கள். பிபிடியூ என்பது சுவிட்சுகள் 2 நொடிக்கு ஒருமுறை அனுப்பும் சேதி. கணினி இருக்க வேண்டிய போர்ட்டில் அது வந்தால், யாரோ எதையோ தப்பாகச் செருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம், கார்ட் உடனே அந்த போர்ட்டை மூடிவிடும். அன்றைக்கு இது இருந்திருந்தால் இரண்டு சாக்கெட்டோடு போயிருக்கும். பிபிடியூ ஃபில்டர் என்று பெயரில் ஒத்த இன்னொன்று உண்டு. அதை போர்ட்டில் போட்டால் அங்கே ஸ்பேனிங் ட்ரீயை அணைத்ததற்குச் சமம். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூடிய போர்ட் தானாகத் திறக்காது. தானாகத் திறக்கும் வசதியை இயக்கினால் சிஸ்கோவில் வழக்கமான இடைவெளி 300 நொடி. ஆலைக்குள் நான் அதை இயக்குவதில்லை, நேரில் போனால்தான் யார் என்ன செருகினார்கள் என்று தெரியும். பென்னாகரத்தில் இருக்கும் குடோனுக்கு இயக்கி வைத்தேன், ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற முடியாதே.

அப்புறம் ரூட், அதாவது ஸ்பேனிங் ட்ரீ வழிகளைக் கணக்கிட மையமாக வைத்துக்கொள்ளும் சுவிட்ச். பிரயாரிட்டி எண் சிறியதாக இருப்பதே ரூட் ஆகும். எல்லா சுவிட்சிலும் பிரயாரிட்டி 32768 என்றே விட்டால், சிறிய மேக் முகவரி (சுவிட்சுக்குத் தயாரிப்பிலேயே கொடுத்த எண்) உள்ளது ரூட் ஆகும். பெரும்பாலும் அது மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சாகத்தான் இருக்கும். நடு சுவிட்சுக்கு 4096 கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் செய்த மாற்றங்களைச் சேமிக்க ரைட் மெமரி கட்டளை கொடுக்க மறக்காதீர்கள், மறந்தால் அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் போச்சு. உங்களுடையது சிஸ்கோ இல்லையென்றால் போர்ட்ஃபாஸ்ட் என்ற பெயர் இருக்காது, மெனுவில் எட்ஜ் போர்ட் என்று தேடிப் பாருங்கள்.