ஃபில்டர் யார் பையில் இருந்தது?

கேள்வி: எனக்கு வயது 38. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்ஃபரெட்டாவில் குடும்பத்துடன் இருக்கிறேன். மார்ச் கடைசியில் நானும் என் மச்சினனும் (மனைவியின் தம்பி, 23 வயது, இங்கே எம்.எஸ். படிக்கிறான்) அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நீண்ட மலை நடைபாதையின் ஜார்ஜியா பகுதியை நடக்கப் போனோம். யூனிகாய் கேப் என்ற கணவாயை அடைந்தபோது என் காலில் கொப்புளம். அங்கிருந்து டிக்ஸ் க்ரீக் கேப் வரை ஷட்டில் வேனில் போய்விட்டு, மீதியை மாநில எல்லை வரை நடந்தோம். சித்திரை விழாவில் நண்பர்களிடம் ஜார்ஜியா முழுவதும் நடந்து முடித்ததாகச் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் மச்சினன், "அத்தான், நடுவுல 17 மைல் வேன்ல போனோமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ட்ரெயிலிலும் அவனால் அவமானம்தான். நீல் கேப்பிலிருந்து, நடப்பவர்கள் ராத்தங்கும் லோ கேப் ஷெல்டருக்குப் போன அன்று முட்டி வலி என்று பின்தங்கிவிட்டான். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த எல்லோரையும் எழுப்பினான். ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து அவனுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. (டென்ட் அவன் பையிலும், ஃபில்டரும் அடுப்பும் என் பையிலும் இருந்தன. அதனால் வழியில் ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்திருக்கிறான். ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து வயிறு கொஞ்சம் படுத்தியது, இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.) அவரவர் நடையை அவரவர் நடக்க வேண்டும் என்பதுதான் அங்கே எழுதாத விதி. நான் அதன்படிதான் நடந்தேன். இப்போது மனைவியும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. வேனில் போனது அவ்வளவு பெரிய குற்றமா? மூத்தவனை அவமானப்படுத்தியதற்கு அவன் மன்னிப்புக் கேட்க வேண்டாமா? ஜூலையில் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். அதற்குள் இது சரியாக வேண்டும்.

பதில்: வேன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது.

ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரம் வரை, 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் போகிற பாதை அது. யார் எவ்வளவு நடந்தார் என்று கூடவே வந்து பார்க்க அங்கே ஆள் கிடையாது. மரங்களில் வழிகாட்டத் தீட்டியிருக்கும் வெள்ளைக் கோடுகளை ஒன்றுவிடாமல் கடந்தேன் என்று நடந்தவர் சொன்னால் மற்றவர்கள் நம்புகிறார்கள். முழுப் பாதையையும் முடித்தவர்களின் பட்டியலை வைத்திருக்கும் அப்பலாச்சியன் ட்ரெயில் கன்சர்வன்சியும் அப்படி வாய்ச்சொல்லை நம்பித்தான் பெயரைச் சேர்த்துக்கொள்கிறது. கொப்புளம் வந்தால் வேனில் ஏற வேண்டியதுதான், அதில் தப்பே இல்லை. ஏறிவிட்டு நடந்தேன் என்றது தப்பு. அடுத்த முறை நண்பர்களைப் பார்க்கும்போது "இன்னும் 17 மைல் பாக்கி இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதோடு அது தீர்ந்தது.

நான் பேச வந்தது உங்கள் அடைப்புக்குறியைப் பற்றி.

மலைக்குப் போய் மனஸ்தாபத்தோடு திரும்பியவர்களின் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. கணவன் மனைவி, அண்ணன் தம்பி, கல்லூரித் தோழிகள் என்று ஆட்கள்தான் மாறுவார்கள். ஒருவர் முன்னால் போயிருப்பார், ஒருவர் பின்னால் விடப்பட்டிருப்பார். கடிதம் எழுதுவது எப்போதும் முன்னால் போனவர்தான். வேன், விழா, சிரிப்பு, மனைவியின் முகம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, ஒரு பையன் ஒரு பகல் முழுக்கக் குடிக்கச் சுத்தமான தண்ணீர் இல்லாமல் நடந்ததை மட்டும் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

நீல் கேப்பிலிருந்து லோ கேப் ஷெல்டர் ஏறத்தாழ 11 மைல். அந்த வழியை நான் நடந்திருக்கிறேன். கௌராக் மலையில் ஏறி, டெஸ்னாட்டி கேப்பில் செங்குத்தாக இறங்கி, இறங்கிய வேகத்தில் மறுபடி ஏற வேண்டும். முட்டி வலிக்காரனுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. மலை முதுகிலேயே போகிற பாதை என்பதால் தண்ணீரும் நினைத்த இடத்தில் கிடைக்காது. இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த ஒரே ஃபில்டர் உங்களிடம். தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம் என்றால் அடுப்பும் உங்களிடம். இரண்டையும் முதுகில் போட்டுக்கொண்டு நீங்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டீர்கள். தாகம் எடுத்தபோது அவன் வேறு என்னதான் செய்வான்?

அந்த ஓடைகள் பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ஜியார்டியா கண்ணுக்குத் தெரிகிற கிருமி இல்லை. குடித்த அன்றே அது காட்டிக்கொள்ளாது, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும். நீங்கள் எழுதியிருக்கிற பத்து நாள் கணக்கு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அது ஜியார்டியாதானா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் சரியாகாத வயிற்றை "கொஞ்சம் படுத்தியது" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இன்னொன்றும் கேட்கிறேன். அவன் முட்டி வலித்தபோது நீங்கள் நடையைக் குறைக்கவில்லை. உங்கள் காலில் கொப்புளம் வந்தபோது இரண்டு பேரும் வேனில் ஏறினீர்கள். அவன் உங்களைக் கேப்பில் விட்டுவிட்டு, "அவரவர் நடை" என்று சொல்லித் தனியாக நடந்து போனானா? இல்லையே. வலிக்கிற முட்டியோடு அவ்வளவு தூரம் வந்தவன், உங்களுக்காகத் தன் 17 மைலையும் விட்டுக்கொடுத்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான்.

அவரவர் நடை என்ற பேச்சு அங்கே உண்டு, நானும் அதை மதிக்கிறேன். மெதுவாக நடப்பவரை ஏளனம் செய்யாதே, ஒருவர் எத்தனை கிலோ தூக்குகிறார், எங்கே தங்குகிறார் என்பதில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லத்தான் அது வந்தது. கூட வந்தவனை விட்டுவிட்டுப் போக அதில் அனுமதி இல்லை. 1955-இல் எம்மா கேட்வுட் என்ற பெண்மணி 67 வயதில் அந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். பதினோரு பிள்ளைகளின் தாய். தன் கையால் தைத்த ஒரு துணிப்பையில் தனக்கு வேண்டியது எல்லாவற்றையும் தானே சுமந்தார். அவருக்கு இருந்தது முழுச் சுதந்திரம், யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. உங்கள் பையில் பாதி அவனுடைய உயிர்ச் சாமான். சுமையைப் பிரித்துக்கொண்ட அந்தக் காலையிலேயே தனி நடை முடிந்துபோயிற்று. பொதுச் சாமானை வைத்திருப்பவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போகக் கூடாது. தண்ணீர் இருக்கும் இடத்திலும், கிளைப்பாதை பிரியும் இடத்திலும் நின்று பின்னால் வருபவரைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். இதை யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை. ஒழுங்காக நடக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அத்தனை பேரும் சொல்வார்கள்.

இதெல்லாம் மிகை என்று தோன்றினால் 2013-இல் மெய்னில் நடந்ததைக் கேளுங்கள். 66 வயது, ஓய்வு பெற்ற நர்ஸ். கூட நடந்த தோழி வீட்டு அவசரத்துக்காக ஊர் திரும்பியதால் தனியாகத் தொடர்ந்தார். இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு ஒதுங்கியவருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவே இல்லை. பெரிய தேடுதல் நடந்தும் கிடைக்கவில்லை. 2015 அக்டோபரில்தான் உடலைக் கண்டெடுத்தார்கள், பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள். காணாமல் போன பிறகு குறைந்தது 26 நாள் உயிரோடு இருந்திருக்கிறார் என்று அவருடைய குறிப்பேட்டிலிருந்து தெரிந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவரை விட்டுவிட்டுப் போனவர் என்று யாரையும் சொல்லவும் முடியாது. நீண்ட தூரம் நடந்து வந்தவருக்கே அந்தக் காட்டில் வழி தவறச் சில அடி தூரம் போதும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் மச்சினன் முதல் தடவை போனவனா, கையில் வரைபடம் இருந்ததா, இருட்டில் நடக்க ஹெட்லைட்டாவது வைத்திருந்தானா? கடிதத்தில் எதுவும் இல்லை. உங்களுக்காவது தெரியுமா?

ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து எல்லோரையும் எழுப்பினான் என்கிறீர்கள். நடக்கிறவர்களுக்கு ஒன்பது மணி நடுராத்திரி, அது உண்மைதான். ஷெல்டரில் அந்த நேரத்துக்குமேல் பை ஜிப்பைக்கூட மெதுவாகத்தான் இழுப்பார்கள். மார்ச் கடைசியில் அங்கே எட்டு மணிக்கே வெளிச்சம் போய்விடும். இருட்டி ஒரு மணி நேரமாக ஒருவன் வந்து சேரவில்லை. நீங்கள் வடிகட்டிய தண்ணீரைக் குடித்து, அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் படுத்திருக்கிறீர்கள். அந்த ஷெல்டரில் விதியை மீறியவர் நீங்கள்தான். ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்திருக்க வேண்டும். கால் வரவில்லை என்றால் அங்கிருந்தவர்களை எழுப்பி உதவி கேட்டிருக்க வேண்டும், அதற்காக யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். பெயர்கூடத் தெரியாத ஒரு அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து அவனுக்கு இடம் ஒதுக்கினார். அது உங்களுக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது. சொந்த அத்தான் செய்ய வேண்டியதை யாரோ ஒரு பெண்மணி செய்தாரே என்று பட்டிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இப்போது விழாவுக்கு வாருங்கள். அவன் எதைச் சொன்னான், எதைச் சொல்லவில்லை என்று யோசித்தீர்களா? எல்லோரும் சிரிக்கும்படியான ஒன்றைச் சொன்னான். யாரும் சிரித்திருக்க முடியாத ஒன்றும் அவனிடம் இருந்தது. "அத்தான் ஃபில்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் ராத்திரி ஒன்பது மணிவரை தனியாக நடந்தேன்" என்று அந்தச் சபையில் அவன் சொல்லியிருந்தால் உங்கள் முகம் என்ன ஆகியிருக்கும்? சொல்லவில்லை. வயிறு சரியில்லாமல் வந்து நின்றவன், உங்கள் மரியாதையை அந்த அளவுக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்க வேண்டாமா என்று அவனைப் பற்றியா கேட்கிறீர்கள்?

மனைவியின் கோபம் 17 மைலுக்காக என்று நினைக்காதீர்கள். எந்தப் பெண்ணும் வேனில் போனதற்காக வாரக்கணக்கில் பேசாமல் இருப்பதில்லை. அக்காவிடம் தம்பி சொல்லியிருப்பான், இல்லை அவன் உடம்பைப் பார்த்து அவளே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருக்கிறாள்.

எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு, மறைக்கப் போவதில்லை. பெண்ணைக் கட்டியவனுக்கு அவள் தம்பி பிள்ளை மாதிரி. அப்பா அம்மா கடல் தாண்டி இருக்கிறார்கள், இந்த நாட்டில் அவனுக்கு வீடு என்றால் அது உங்கள் வீடு. பையனைப் படிக்க அனுப்பியபோது உங்கள் மாமியார் யாரை நம்பி அனுப்பினார்? "மாப்பிள்ளை இருக்கிறார்" என்ற தைரியத்தில்தான். பழைய காலத்துப் பேச்சு என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் ஜூலையில் உங்கள் மகளை மடியில் உட்காரவைத்துக் காது குத்தப்போகிற தாய்மாமன் அவன்தானே? அந்த நாளுக்கு மட்டும் அவன் வேண்டும், சீர் தட்டோடு வந்து உட்கார வேண்டும் என்றால் அது நியாயமில்லை. முறை என்பது இரண்டு பக்கமும் போகும். விழா நல்லபடியாக முடிய வேண்டும் என்பதற்காக அவசரமாகச் சமாதானம் செய்து வைக்கப் பார்க்காதீர்கள். அவனுக்கு அது தெரிந்துவிடும்.

முதலில் மனைவியிடம் அடைப்புக்குறி இல்லாமல் சொல்லுங்கள். அப்புறம் அவனைப் பார்க்கப் போங்கள். வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள், நீங்களே அவன் அறைக்குப் போங்கள், தனியாக. விழா பேச்சை எடுக்க வேண்டாம். தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள், அன்றைக்கு ராத்திரி படுத்ததைப் பற்றிப் பேசுங்கள். "தப்பு என்னுடையது" என்று சொல்லுங்கள், சொன்ன பிறகு "ஆனால்" என்று தொடங்காதீர்கள். சின்னவனிடம் போய்க் கேட்பதா என்று உள்ளுக்குள் ஒன்று இழுக்கும். அந்த மூப்பை நீங்கள் டெஸ்னாட்டி இறக்கத்தில் காட்டியிருக்க வேண்டும். அவன் உடனே "பரவாயில்லை அத்தான்" என்றால் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், இருந்து அவன் சொல்ல நினைப்பதைக் கேளுங்கள். விடுபட்ட 17 மைலை நடக்க அவனாக என்றைக்காவது கூப்பிட்டால் போங்கள், நீங்களாகக் கேட்க வேண்டாம். போனால் ஆளுக்கு ஒரு ஃபில்டர்.

மாமியாருக்கும் நீங்களே போன் செய்து சொல்லுங்கள். வேறு யார் வாயிலிருந்தும் அவர் இதைக் கேட்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஓடைத் தண்ணீர் குடித்ததையும் என்றைக்குக் குடித்தான் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள், அது தெரிந்தால்தான் எந்தச் சோதனை என்று முடிவு செய்வார்கள். மாணவர் இன்ஷூரன்ஸில் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் பார்க்காமல் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஜியார்டியா ஒரு தடவை கொடுக்கிற மலச் சோதனையில் அகப்படாமல் போகலாம், வேறு வேறு நாட்களில் மறுபடி கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டு நீங்களே கூடப் போங்கள்.