கேஸ் போட்டால் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவாராம்!

கேள்வி: நாலு வயது மகள், ஒன்பது வயது மகனோடு சென்னையிலிருந்து திருநெல்வேலியில் அம்மா வீட்டுக்கு வந்து 14 மாதம் ஆகிறது. தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவர் ஒரு ரூபாய்கூட அனுப்பவில்லை. கேஸ் போட்டால் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவேன் என்கிறார். இங்கேயே வழக்குப் போடலாமா? பணம் தரும்வரை பிள்ளைகளைக் காட்டாமல் இருக்கலாமா?

பதில்: இங்கேயே போடலாம் சகோதரி. ஜீவனாம்சத்துக்கு நீங்கள் வசிக்கும் ஊர் போதும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதில், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவில் மனு போட வேண்டும். உங்களுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்தே கேளுங்கள்.

கழிந்த 14 மாதத்துக்கு இந்தப் பிரிவில் பணம் வராது. மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பிரதான மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் தனியாகப் போடுங்கள். நோட்டீஸ் சார்வானதிலிருந்து, அதாவது கணவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து, கூடியவரை 60 நாளில் அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நோட்டீஸ் சார்வாகாமல்தான் பல வழக்குகள் தூங்குகின்றன. கணவரின் வீட்டு முகவரி, அலுவலக முகவரி இரண்டையும் கொடுங்கள்.

சம்பள மிரட்டலுக்கு வருவோம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இருவருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். உங்கள் கணவருக்கு அவகாசம் நான்கு வாரம். இரண்டு வாய்தாவுக்கு மேல் வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீதிமன்றம் நீக்கிவிடலாம். பொய் சொன்னால் தனி நடவடிக்கை. பழைய சம்பளச் சீட்டு, படிவம் 16 (சம்பளம், பிடித்த வரி பற்றிக் கம்பெனி தரும் சான்று), வங்கி விவரம் என்று கையில் இருப்பதையெல்லாம் எடுத்து வையுங்கள். டியூஷன் எடுத்து நீங்கள் 3,000 ரூபாய் சம்பாதித்தாலும் மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்தச் சின்னத் தொகைதான் உங்களைக் கவிழ்க்கும்.

பிள்ளைகளைக் காட்ட மறுப்பது மட்டும் வேண்டாம். அவர் பணம் தராதது வேறு, பிள்ளைகள் அப்பாவைப் பார்ப்பது வேறு. மறுத்தால் பராமரிப்புப் பொறுப்பு வழக்கில் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். இந்துச் சட்டப்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான். மகன் விஷயத்தில் அவன் நலனைப் பார்ப்பார்கள், அவன் விருப்பத்தையும் கேட்கக்கூடும். அந்த வழக்கும் பிள்ளைகள் வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் வரும். பள்ளிச் சேர்க்கைச் சான்றை பத்திரப்படுத்துங்கள்.

உத்தரவு வந்த பிறகும் பணம் வராவிட்டால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.