நிலத்தை விக்காதீங்க, பொண்ணு கேக்கற கேள்விக்கு ஒரு துறையே இருக்கு

நீட்ல ரெண்டாவது தடவையும் கவர்மென்ட் சீட்டுக்கு மார்க் பத்தலன்னு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, பெரியப்பா வீட்ல நிலத்தை வித்து மேனேஜ்மென்ட் கோட்டால சேத்துடுங்கன்னு நெருக்கறாங்களாம், பொண்ணோ சாண எரிவாயு தொட்டிக்குள்ள கேஸை எந்தக் கிருமி எப்படி உண்டாக்குதுன்னே கேட்டுட்டு இருக்காளாம். கவலை புரியுதுங்கம்மா. ஆனா நீங்க எழுதினதுல சொந்தக்காரங்க ஆசை பக்கம் பக்கமா இருக்கு, அவ டாக்டர் ஆகணும்னு சொன்னதா ஒரு வரி கூட காணோம். அப்படின்னா நிலத்துல கை வைக்கவே கூடாது.

அந்த கேஸ்ல முக்கியமானது மீத்தேன், அதை விடற உயிர் பாக்டீரியாவே கிடையாது, ஆர்க்கியான்னு தனி வகை நுண்ணுயிர். அதுக்குள்ள நம்ம உடம்புல இல்லாத கோஎன்சைமெல்லாம் இருக்கு, அதாவது என்சைம் வேலை செய்ய உதவற சின்ன மூலக்கூறுங்க. எஃப்420ன்னு ஒண்ணு, மைக்ரோஸ்கோப்புல புற ஊதா வெளிச்சம் பட்டா செல்லே நீலப் பச்சையா ஒளிரும். எஃப்430ன்னு இன்னொண்ணு, நடுவுல நிக்கல் உக்காந்திருக்கும், மீத்தேனை உண்டாக்கற கடைசி என்சைம் இது இல்லாம வேலை செய்யாது. இந்த எஃப்430ஐ செல் எப்படித் தயாரிக்குதுன்னு அமெரிக்கால ஆபர்ன் யுனிவர்சிட்டி குழு 2016லதான் முழுசா வெளியிட்டாங்க: ஒரு என்சைம் நிக்கலை உள்ள வைக்கும், அடுத்தது அமைடுன்னு நைட்ரஜன் உள்ள ஒரு தொகுதியைச் சேக்கும், அப்புறம் பயறு வேர் முடிச்சுல காத்து நைட்ரஜனைப் பிடிக்கற நைட்ரோஜினேஸோட உறவுக்கார என்சைம் ஒண்ணு எலக்ட்ரான் குடுத்து மூலக்கூறுல ஒரு வளையத்தை மூடும், கடைசி வளையத்தை இன்னொண்ணு மூடும். யோசிச்சுப் பாருங்க, இவ்ளோ அடிப்படையான விஷயமே நேத்து மாதிரிதான் தெரிஞ்சிருக்கு, இவளுக்கு வேலை மிச்சமிருக்கு.

இதனால என்ன பிரயோஜனம்னு பெரியப்பா கேப்பாரு. நூறு வருஷக் கணக்குல மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட கிட்டத்தட்ட 28 மடங்கு சூடேத்தும், மாட்டு வயித்துலயும் இதே ஆர்க்கியாதான். அந்தக் கடைசி என்சைமை முடக்கற 3-என்ஓபின்னு ஒரு தீவன மருந்து வெளிநாட்ல விக்குது, பெங்களூர்ல ஐசிஏஆர்ங்கற மத்திய வேளாண் ஆராய்ச்சி அமைப்போட கால்நடை ஊட்டச்சத்து நிறுவனமும் மாட்டு மீத்தேனைக் குறைக்கற வேலைல இருக்கு.

வழி நீளம்தான், மறைக்க மாட்டேன். பிஎஸ்சி மூணு வருஷம், எம்எஸ்சி ரெண்டு, பிஹெச்டி அஞ்சாறு, டாக்டரேட் முடிச்சாலும் வேலைக்கு அலைய வேண்டி வரலாம். ஆனா கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். கவர்மென்ட் காலேஜ் ஃபீஸ் கம்மி, பிஎஸ்சிக்கு அப்புறம் ஜாம்ங்கற நுழைவுத் தேர்வை நல்லா எழுதினா ஐஐடி எம்எஸ்சியோ, பெங்களூர் ஐஐஎஸ்சில எம்எஸ்சியும் சேந்த இன்டகிரேட்டட் பிஹெச்டியோ கிடைக்கும், பிஹெச்டிக்கு ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபா, வீட்டு வாடகைப் படி தனி.

காலேஜ் அப்ளிகேஷன்ல மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, கெமிஸ்ட்ரி மூணையும் போடுங்க, வரிசையை அவளே முடிவு பண்ணட்டும், சேர்றதுக்கு முன்னாடி அந்த டிபார்ட்மென்ட் லேப்பை நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க.