உத்தராகண்டில் ஹெம்ப் போடுகிறார்கள், நாமும் போடலாமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் ஒன்றரை ஏக்கரில் உருளையும் பீன்ஸும் போடுகிறேன். காட்டுமாடும் பன்றியும் பாதியை அழித்துவிடுகின்றன. உத்தராகண்டில் மலை விவசாயிகள் ஹெம்ப் போட்டுச் சம்பாதிப்பதாக வீடியோவில் பார்த்தேன். விதை தபாலில் கிடைக்குமாம். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். நாருக்கும் விதைக்கும் வளர்க்கும், போதை குறைந்த வகை என்றாலும் ஹெம்ப்பும் கஞ்சா இனம்தான். உரிமம் இல்லாமல் பயிரிட்டால் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நாருக்கும் விதைக்கும் அனுமதி தர அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அந்த வழியில்தான் உத்தராகண்ட் 2018இல் உரிமம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை.

சரி, அங்கே கிடைக்கும் நன்மை பொய்யா என்றால், இல்லை. உத்தராகண்டின் குமாவுன், கர்வால் பகுதி மக்களுக்கு இது பழகிய செடி. விதையை வறுத்து அரைத்துச் சட்னி செய்வார்கள். தண்டை நீரில் ஊறப்போட்டு நார் உரித்துக் கயிறு திரிப்பார்கள். மானாவாரிச் சரிவிலும் வளரும். குரங்கும் பன்றியும் அவ்வளவாகச் சீண்டாது. அதனால், ஆட்கள் ஊரைவிட்டுப் போய்த் தரிசான படிவயல்களுக்குப் பொருத்தம் என்று பேசுகிறார்கள். 2021இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் அதன் எண்ணெய், மாவையும் உணவாக ஏற்றுக்கொண்டதால் விற்கவும் வழி பிறந்தது. விதையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம், எண்ணெய் அதைவிடக் கூடுதல்.

வீடியோவில் விட்டுப்போவது விதைச் சிக்கல். போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாட்டு விதைகள் பல அதைத் தாண்டிவிடும். நல்ல ரகம் போட்டாலும், அந்த மலைகளில் தானாக முளைத்து நிற்கும் செடிகளின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்து, நீங்கள் எடுத்துவைக்கும் விதை கெட்டுவிடும். நாருக்கு நெருக்கி விதைக்க வேண்டும், விதைக்கு இடைவெளி விட்டு விதைக்க வேண்டும். இரண்டிலும் முழு மகசூல் என்பது விற்பவர் கணக்கு. நார் உரிப்பது கைவேலை. ஆளில்லாத ஊரில் யார் உரிப்பது?

இமாச்சலம்கூட 2025 தொடக்கத்தில் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்கள் மூலம் முன்னோட்ட ஆய்வுக்குத்தான் ஒப்புதல் தந்தது.

உங்கள் உடனடித் தொல்லை பன்றியும் காட்டுமாடும். சேதமானதும் படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்குங்கள், வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். அறுவடை முடிந்தபின் போனால் பார்வையிட எதுவும் இருக்காது.