சிறுவர் கதைகளில் ஏன் இத்தனை பேர் அம்மா அப்பா இல்லாத பிள்ளைகள்?

பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை தானாக முடிவெடுக்க வேண்டிய அவசியமே வராது, கதையும் நகராது. எல்லோரும் சொல்லும் காரணம் இது, சரிதான். ஆனால் பாதிதான்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஞாயிறுதோறும் லயன் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது வேலையோடு கிடைக்கும் வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, கதை வாசிக்கிறேன். 1908-இல் வந்த கனடாக் கதை ஒன்றில், பண்ணை வேலைக்குப் பையன் கேட்ட அண்ணனும் தங்கையும், தவறுதலாக வந்து சேர்ந்த ஆன் என்ற சிறுமியைத் திருப்பி அனுப்ப நினைப்பார்கள். அந்த இடத்தில், பாட்டியிடம் வளரும் ஒரு பிள்ளை "அனுப்பிட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எந்தப் பிள்ளைக்கும் உள்ளே இருக்கும் பயம் அதுதான்: நான் இங்கே வேண்டியவளா? கதையில் அந்தப் பயத்தைத் தொட்டுப் பார்க்கலாம், ஆபத்தில்லாமல்.

அப்புறம், சொந்தம் என்பது ரத்தத்தால் மட்டும் வருவதில்லை. 1911-இல் வெளியான 'த சீக்ரெட் கார்டன்' கதையில், இந்தியாவில் காலராவில் பெற்றோரை இழந்த மேரி இங்கிலாந்தில் மாமா வீட்டுக்குப் போகிறாள். அவரோ வீட்டிலேயே இருப்பதில்லை. பூட்டிக் கிடந்த தோட்டத்தில் களை பிடுங்கப் பிடுங்கத்தான் அந்த ஊர் அவளுடையதாகிறது. என்ன வேண்டும் என்று மாமா கேட்கும்போது அவள் பொம்மை கேட்கவில்லை, கொஞ்சம் மண் கேட்கிறாள். வேலை போனால் வீடும் போகும் என்று தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வரியை நான் விளக்க வேண்டியிருக்கவே இல்லை.