ஊரிலிருந்து வரும் மாத்திரையும் 'பிரீமியமே இல்லாத' பிளானும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. எங்களோடு டெக்சாஸ் பிளேனோவில் இருக்கிறார். கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு முடிந்ததும், 2024 ஆகஸ்டில், அமெரிக்க அரசு முதியவர்களுக்குத் தரும் மெடிகேர் காப்பீட்டில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி எடுத்தோம். ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ-க்கு மாதாமாதம் பெரிய தொகை கட்டவேண்டும் என்பதால் எடுக்கவில்லை. மருந்துக்கான பார்ட் டி-யும் எடுக்கவில்லை. வருஷம் ஒருமுறை திருச்சி போகும்போது மாத்திரைகளை மொத்தமாக வாங்கி வந்துவிடுவார். இப்போது இதயத் துடிப்பு சீராக இல்லை என்று டாக்டர் எலிக்விஸ் எழுதியிருக்கிறார். ஏற்கெனவே ஜனுவியா, மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறார். சங்க விழாவில் பழக்கமான ஏஜென்ட் ஒருவர், "பிரீமியமே இல்லாத பிளான் இருக்கிறது, மெடிகேர் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நானே முடித்துவிடுகிறேன்" என்கிறார். அனுப்பலாமா? 2025 டிசம்பர் 7-க்குள் முடிக்கவேண்டுமாமே?

பதில்: அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணுக்கு இன்றே கூப்பிட்டு அப்பா பெயரில் ஏதாவது பிளான் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அப்பாவின் அட்டையில் உள்ள மெடிகேர் எண் ஒருவர் கையில் இருந்தால், உங்களைக் கேட்காமலேயே ஒரு பிளானில் சேர்த்துவிட முடியும். மருந்துக்கடை கவுன்டரில் நிற்கும் எனக்கு ஒவ்வொரு ஜனவரியும் இது கண்ணெதிரே நடக்கிறது. "நாங்கள் எதையும் மாற்றவில்லையே" என்று பெரியவர் சொல்வார். கம்ப்யூட்டர் வேறு பிளானைக் காட்டும்.

டிசம்பர் 7 உண்மைதான். அக்டோபர் 15-ல் தொடங்கிய சேர்க்கை அன்றோடு முடிகிறது. இப்போது சேர்ந்தால் ஜனவரி 1 முதல் பிளான் நடப்புக்கு வரும். பார்ட் டி-க்குப் பார்ட் ஏ இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, பார்ட் பி மட்டும் இருந்தாலும் போதும். எனவே அப்பா தாராளமாகச் சேரலாம். சேரத்தான் வேண்டும்.

ஏன் என்றால், இனி திருச்சி மாத்திரையை நம்பியிருக்க முடியாது. சர்க்கரை மாத்திரை இரண்டு நாள் தாமதமானால் சமாளித்துக்கொள்ளலாம். எலிக்விஸ் அப்படி இல்லை. ரத்தம் உறையாமல் காக்கும் அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் பக்கவாதம் வரும் அபாயம் கூடுகிறது என்று மருந்தோடு வரும் எச்சரிக்கையிலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். விமானம் தள்ளிப்போனது, பெட்டி வரவில்லை என்பதெல்லாம் இந்த மருந்துக்கு ஆகாது. இந்தியாவில் இதன் ஜெனரிக், அதாவது பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து, மலிவாகக் கிடைக்கிறது, அமெரிக்காவில் 2028 ஏப்ரலுக்கு முன் கடைக்கு வராது என்பது எனக்கும் தெரியும். ஒரே மருந்துக்கு இரண்டு ஊரில் இப்படி இரண்டு விலை இருப்பது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்துக்கு அப்பாவின் மூளை நரம்பைப் பணயம் வைக்கக் கூடாது.

அடுத்தது அபராதம். இதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். பார்ட் டி-யில் சேரத் தகுதி வந்த பிறகு, அதற்கு ஈடான மருந்துக் காப்பீடு எதுவும் இல்லாமல் 63 நாள் தொடர்ந்து கடந்தால், காப்பீடு இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீதம் அபராதம். எதன் மேல் சதவீதம் என்றால், அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் ஓர் அடிப்படைத் தொகையின் மேல். 2026-க்கு அது 38.99 டாலர். உங்கள் அப்பாவுக்கு முதல் சேர்க்கைக் காலம் 2024 நவம்பரோடு முடிந்தது. அந்த டிசம்பரிலிருந்து 2025 டிசம்பர் வரை 13 மாதம். ஆக 13 சதவீதம், ரவுண்டாக மாதம் 5.10 டாலர். தொகை சின்னதுதான். ஆனால் பார்ட் டி வைத்திருக்கும் காலம் முழுக்க, அதாவது அனேகமாக ஆயுள் முழுக்கக் கட்டவேண்டும். அடிப்படைத் தொகை ஏறினால் இதுவும் ஏறும். 'பிரீமியமே இல்லாத' பிளானில் சேர்ந்தாலும் இது தனியாக வரும். ஊரிலிருந்து வந்த மாத்திரை ஈடான காப்பீடு ஆகாது. இந்திய மெடிக்ளெய்ம் ஆகாது. மருந்துக்கடைத் தள்ளுபடிக் கார்டும் ஆகாது. அதைக் காப்பீடு என்று நினைத்தே பல வருஷம் ஓட்டியவர்கள் நிறையப் பேர்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் இதை அரைகுறையாகப் பரப்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளிநாட்டில் வசித்த காலத்துக்கு இந்த அபராதம் இல்லை. பார்ட் டி பிளானில் சேர, அந்த பிளான் நடக்கும் பகுதியில் வசிக்கவேண்டும். இந்தியாவில் வசிக்கும் ஒருவருக்கு அந்தத் தகுதியே இல்லை என்பதால் அபராதக் கணக்கும் ஓடாது. திரும்பி வந்து குடியேறியதும் இரண்டு மாத அவகாசம் தருவார்கள், அதற்குள் சேர்ந்துவிட்டால் போதும். இதைக் கேட்டதும், "அப்பா இந்த வருஷம் நாலு மாதம் ஊரில்தானே இருந்தார், அதைக் கழித்துவிடலாமே" என்று தோன்றும். கழிக்க முடியாது. அவர் அங்கே குடியேறவில்லை. அவருடைய வீடு பிளேனோவில் இருக்கிறது, ஊருக்குப் போய்விட்டு வந்தார், அவ்வளவுதான். மெடிகேர் பார்வையில் அந்த நாலு மாதமும் அவர் டெக்சாஸ்வாசி. "இல்லை, இந்தியாவில்தான் குடியிருந்தார்" என்று அபராதத்துக்காக எழுதிக்கொடுப்பது இன்னும் ஆபத்து. கிரீன் கார்டின் ஆதாரமே 'நான் நிரந்தரமாக அமெரிக்காவில் வசிக்கிறேன்' என்பதுதான். மாதம் ஒன்றரை டாலர் மிச்சம் பிடிக்க, ஓர் அரசு ஆவணத்தில் அதற்கு மாறாக எழுதுவீர்களா? அதே சமயம், உண்மையாகவே வருஷக்கணக்கில் ஊரில் தங்கிவிட்டுத் திரும்பியவர்கள், பிளான் அனுப்பும் அபராதக் கடிதத்தைப் பார்த்துப் பேசாமல் கட்டிவிடக் கூடாது. பாஸ்போர்ட் முத்திரை, விமானச் சீட்டு இவற்றோடு மறுபரிசீலனை கேட்கலாம். உங்கள் வீட்டுக்கு இது பொருந்தாது.

இப்போது அந்த 'பிரீமியமே இல்லாத' பிளானுக்கு வருவோம். பிரீமியம் மாதக் கட்டணம் மட்டும்தான். கடையில் நீங்கள் கொடுக்கும் பணம் வேறு. அதை முடிவு செய்வது மூன்று விஷயம்: முதலில் நீங்களே கட்டித் தீர்க்கவேண்டிய டிடக்டிபிள், அப்பாவின் மருந்தை எந்த விலை அடுக்கில் வைத்திருக்கிறார்கள் என்பது, உங்கள் கடை அவர்களின் சலுகைக் கடைப் பட்டியலில் இருக்கிறதா என்பது.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் மலிவான ஜெனரிக், அவற்றை விட்டுவிடுவோம். எலிக்விஸ், ஜனுவியா இரண்டுக்கும் மெடிகேர் பேரம் பேசிய விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வருகிறது. மாதத்துக்கு எலிக்விஸ் 231 டாலர், ஜனுவியா 113 டாலர். முன்பு இரண்டுமே 500 டாலருக்கு மேல் பட்டியல் விலை உள்ளவை. இரண்டும் சேர்த்து வருஷத்துக்கு 4,128 டாலர். பிரீமியம் இல்லாத ஒரு பிளானில் 615 டாலர் டிடக்டிபிள் (2026-ல் அதற்கு மேல் யாரும் வைக்க முடியாது), அதற்குப் பிறகு 40 சதவீதம் உங்கள் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து போவது சுமார் 2,020 டாலர். இன்னொரு பிளானில் மாதம் 30 டாலர் பிரீமியம், இந்த அடுக்குக்கு டிடக்டிபிள் இல்லை, மருந்து ஒன்றுக்கு மாதம் 47 டாலர் என்றால், எல்லாம் சேர்த்தே 1,488 டாலர். இலவசம் என்று சொன்ன பிளானில்தான் 500 டாலருக்கு மேல் கூடுதல் செலவு. இந்த சதவீதங்கள் உதாரணத்துக்குச் சொன்னவை, உங்கள் ஊர் பிளான்களில் எண்கள் மாறும். சில சமயம் பிரீமியம் இல்லாத பிளானே மலிவாகவும் அமையும். கணக்குப் போடாமல் தெரியாது என்பதுதான் விஷயம்.

எந்த பிளானாக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உங்கள் கையிலிருந்து போகும் பணம் 2026-ல் 2,100 டாலரைத் தாண்டாது. பிரீமியம் அதில் சேராது.

அந்த ஏஜென்ட் அடுத்து என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பார்ட் ஏ-யையும் வாங்கிவிடுங்கள், அட்வான்டேஜ் பிளானில் போடுகிறேன், மருந்து, பல், கண்ணாடி எல்லாம் அதிலேயே வந்துவிடும்." அட்வான்டேஜ் என்பது மெடிகேர் காப்பீட்டைத் தனியார் நிறுவனம் ஒரே பிளானாகத் தருவது. அதற்கு ஏ, பி இரண்டும் வேண்டும். அமெரிக்காவில் வேலை பார்க்காத அப்பாவுக்குப் பார்ட் ஏ 2026-ல் மாதம் குறைந்தது 565 டாலர். ஏன் அதைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்? புதிதாக ஒருவரைத் தனி மருந்து பிளானில் சேர்த்தால் ஏஜென்டுக்கு 2026-ல் அதிகபட்சம் 114 டாலர், அட்வான்டேஜில் சேர்த்தால் பெரும்பாலான மாநிலங்களில் 694 டாலர் வரை. மருந்து பிளானுக்குக் கமிஷனே தராத நிறுவனங்களும் உண்டு. அந்த பிளான்களை உங்கள் ஏஜென்ட் வாயே திறந்து சொல்ல மாட்டார். பார்ட் ஏ வாங்குவதா வேண்டாமா என்பது ஆஸ்பத்திரிச் செலவை வைத்துத் தனியாக யோசிக்கவேண்டிய விஷயம். மாத்திரைக்காக அதை வாங்காதீர்கள்.

பிளான் பார்க்கும் முன் ஒரு விண்ணப்பம் போடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் தரும் உதவி இருக்கிறது. வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 150 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். சேமிப்புக்கும் வரம்பு உண்டு: 2025 கணக்கில் தனியாளுக்கு 17,600 டாலர், தம்பதிக்கு 35,130 டாலர். நீங்கள் அப்பாவுக்குச் சாப்பாடு போடுவதும் வீட்டு வாடகை கட்டுவதும் அவர் வருமானமாகக் கணக்கில் வராது. ஆனால் குடியிருக்கும் வீடு தவிர மற்ற நிலம், வீடு கணக்கில் வரும். திருச்சியில் அவர் பெயரில் வீடு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இந்த உதவி கிடைத்துவிட்டால் மருந்துக்குச் சில டாலர்தான் ஆகும். மேலே சொன்ன அபராதமும் போய்விடும். தகுதியிருந்தும் இதைக் கேள்விப்படாமலே முழு விலை கொடுக்கும் முதியவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கமிஷன் இல்லாத விஷயம் என்பதால் யாரும் சங்க விழாவில் மேஜை போட்டு இதைச் சொல்வதில்லை.

பிளானை நீங்களே பார்க்கலாம். மெடிகேர் டாட் கவ் தளத்தில் ஜிப் கோடு, ஐந்து மருந்துகளின் பெயர், மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை, நீங்கள் போகும் இரண்டு மூன்று கடைகள் எல்லாவற்றையும் போடுங்கள். மில்லிகிராமை டாக்டர் சீட்டைப் பார்த்துப் போடுங்கள், ஊர் அட்டையைப் பார்த்துப் போடாதீர்கள். வரும் பட்டியலை, மருந்தும் பிரீமியமும் சேர்ந்த வருஷச் செலவு குறைந்தது முதலில் வரும்படி அடுக்குங்கள். முதல் மூன்றைத் திறந்து, 'முன் அனுமதி தேவை' என்ற குறிப்பு அப்பாவின் மருந்துக்கு எதிரே இருக்கிறதா என்று பாருங்கள்.

இது தலைசுற்றலாக இருந்தால், ஷிப் என்ற ஆலோசனைச் சேவை ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. டெக்சாஸில் அதற்கு ஹைகேப் என்று பெயர். எதையும் விற்கமாட்டார்கள், பைசா வாங்கமாட்டார்கள். இதை விட்டுவிட்டு ஏஜென்ட் பின்னால் போவது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற வேலை. மெடிகேர் தொலைபேசியிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதுவும் இலவசம்.

அடுத்த வருஷமும் இதே வேலை இருக்கிறது. பிளான்காரர்கள் ஜனவரிக்கு ஜனவரி விலையையும் அடுக்கையும் மாற்றுகிறார்கள். மாற்றத்தைச் சொல்லும் தடித்த கடிதம் செப்டம்பர் கடைசிக்குள் வந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அது விளம்பரத் தபாலோடு குப்பைக்குப் போகிறது. 72 வயதுக்காரர் ஐந்து மாத்திரைக்காக வருஷாவருஷம் பரீட்சை எழுதவேண்டும் என்று எந்தப் புண்ணியவான் வகுத்தாரோ தெரியவில்லை. ஆனால் எழுதாவிட்டால் பழைய பிளானே புது விலையில் தொடரும்.

ஜனவரி முதல் வாரத்தில் புது அட்டையோடு நீங்களே கடைக்குப் போங்கள், அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள். ஏதாவது மருந்து மறுக்கப்பட்டால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் 90 நாளுக்குள் ஒருமுறை ஒரு மாத மருந்தைத் தற்காலிகமாகத் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. 'டிரான்சிஷன் ஃபில்' என்று அந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் டாக்டரிடம் சொல்லி முன் அனுமதி வாங்கிவிடலாம். பிறகு, பழைய காப்பீடு பற்றிக் கேட்டு பிளானிலிருந்து ஒரு படிவம் வரும். அதை 30 நாளுக்குள் நிரப்பி அனுப்பிவிடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.